பரீட்சைக்கு வன்னி

புதுச் சட்டையின் காலருக்குள் கடைக்காரன் குத்திய குண்டூசி ஒன்று அப்படியே தங்கிவிட்டிருந்தது பூவலிங்கம் சாருக்குத் தெரியவந்தது, மணி அடித்து, பதினோராம் வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொல்லி, மாவட்டக் கல்வி அலுவலர் வேதரத்தினம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வலப்பக்கம் திரும்பினாலும் ஒன்றுமில்லை. இடப்பக்கம் திரும்பினால் மட்டும் பிடரியில் சுருக்கென்றது. இடப்பக்கம் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மைதானம் இருந்தது, மைதானத்தின் நடுவில் அந்த மரம் இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டவருக்கு இது நல்ல ஏற்பாடுதான், ஊசியாவது நம் கட்சியில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு உடனே இடப்பக்கம் திரும்பினார். சுருக். மரம் இருந்தது. போகாமல் அங்கேயேதான் இருந்தது. அடியில் சிமெண்டு மேடை, மேடையில் அகல்விளக்கு, தண்டைச் சுற்றி மஞ்சள் துணி, கிளையெல்லாம் மஞ்சள் கயிறு, எதிரே அவர் கையாலேயே எழுதி நட்ட தகரப்பலகை: ‘வன்னி மரம். தெய்வீகத் தன்மை வாய்ந்தது. இலைகளைப் பறிக்காதீர்.’ அதில் தெய்வீகம் இருக்கிறதா இல்லையா என்பது அவர் பாடத்தில் வராது. ஆனால் வன்னி இல்லை என்பது வரும். பதினைந்து வருஷமாக, உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த அந்த விஷயம், இன்னும் அரைமணி நேரத்தில் ஒரு செல்போனுக்கும் தெரிந்துவிடப் போகிறது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அவரேதான், வேறு யாரையும் நோக முடியாது. வகுப்பறையில் செல்போனைக் கற்றல் கருவியாகப் பயன்படுத்தி மாதிரி வகுப்பு நடத்த ஒரு ஆசிரியர் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, தலைமையாசிரியை ஜெசிந்தா மேடம் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கணக்கு சார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார், தமிழம்மாவுக்கு இருமல் வந்தது. பூவலிங்கம் மட்டும், அந்தப் பள்ளியில் இருபது வருஷமாகச் செல்போன் பிடிப்பதில் பேர் வாங்கிய பூவலிங்கம், சாக்ஸுக்குள் வைத்தாலும் டிபன் டப்பாவுக்குள் வைத்தாலும் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துப் பறித்து பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டுகிற பூவலிங்கம், எழுந்து நின்று “நான் எடுக்கிறேன் மேடம்” என்றார். ஏன் சொன்னார்? வருகிற மே மாதம் ஓய்வு. வழியனுப்பு விழாவில் ‘காலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டவர்’ என்று யாராவது ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டும் என்று ஆசை. இலையைக் காட்டினால் பேர் சொல்கிற ஆப் ஒன்றை மருமகன் ஏற்றிக் கொடுத்திருந்தான். ஐந்து குழு, குழுவுக்கு வீட்டிலிருந்து ஒரு போன், ஐந்து செடி. வேம்பு, புங்கை, பூவரசு, வாதாம், தும்பை. தும்பைக்காக மூன்று நாள் யோசித்தார். மரத்துக்கும் தும்பைக்கும் நடுவே இருபது அடி இருக்கிறதா என்று அடி வைத்து அளந்துகூடப் பார்த்தார். அவ்வளவு முன்னெச்சரிக்கையும் காலை ஒன்பதரைக்குப் பொடிப்பொடியானது. காரிலிருந்து இறங்கிய வேதரத்தினம் ஐயா நேராக மரத்தடிக்குப் போய், ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, கைகூப்பிச் சுற்ற ஆரம்பித்தார். ஏழரைச் சனியாம், வன்னியைச் சுற்றினால் பிடி கொஞ்சம் தளருமாம். ஒன்பது சுற்று. முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு பெரிய வன்னிய எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துலகூட நான் பார்த்ததில்ல சார். இதை விட்டுட்டு என்னத்துக்குத் தும்பை? தும்பை எங்கயும் கெடைக்கும். வன்னியைச் சேர்த்துக்குங்க” என்றார். சேர்த்துக்கொண்டார். ‘தும்பை’யை அடித்து ‘வன்னி’ என்று எழுதும்போது சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

முதலில் அது பொய்யே இல்லை. அதைத்தான் அவர் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைப்பார், யாரிடம் சொல்வது? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பசுமைப்படை தொடங்கியபோது வனத்துறைப் பண்ணையிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தது அசல் வன்னிக் கன்றுதான். ரசீதுகூட இருந்தது. நட்டார்கள், கைதட்டினார்கள், நான்காம் நாள் ஒரு வெள்ளாடு வந்து வேரைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது. ஆடு சும்மா போகவில்லை, தின்ற இடத்திலேயே நாலு புழுக்கை போட்டுவிட்டுப் போனது. பூவலிங்கம் நம்பிக்கை இழக்காமல் தினமும் அடிபம்புத் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றினார், சுற்றி முள் வெட்டி வேலி கட்டினார், பதினைந்தாம் நாள் பச்சையாக ஒன்று தலைநீட்டியது. துளிர்த்துவிட்டது! பிரார்த்தனைக் கூட்டத்தில் அவர் அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், அழிக்க அழிக்கத் துளிர்க்கும் உயிரின் பிடிவாதம் என்றெல்லாம் சொன்னார், அப்போதைய தலைமையாசிரியர் குருசாமி கண் கலங்கி அந்த மாதச் சம்பளத்தில் மேடை கட்டினார். ஆடு முந்தின நாள் எதைத் தின்றிருக்கும் என்று ஒரு தாவரவியல்காரன் யோசித்திருக்க வேண்டாமா? அந்த ஜில்லாவில் ஆடு வேறு எதைத் தின்னும்? சீமைக்கருவை நெற்றைத்தான் தின்னும், ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதைதான் ஜோராக முளைக்கும், இதை அவரே வருஷாவருஷம் விதை பரவுதல் பாடத்தில் கரும்பலகையில் ஆடு படம் போட்டு நடத்துகிறார், அந்த ஆட்டுக்குத் தாடிகூட வரைவார். மூன்றாம் வருஷம் மரம் காய்த்தது. மஞ்சளாக, தடியாக, இனிப்பு வாசனையோடு ஒரு நெற்று அவர் காலடியில் விழுந்தது. எடுத்து முகர்ந்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காய்க்கிற பருவத்தில் தினமும் காலை எட்டு மணிக்கே பள்ளிக்கு வந்து நெற்று பொறுக்குகிறார். கடமை தவறாதவர் என்று பேர்.

ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. சீமைக்கருவையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஜனங்கள்தான், ஆனால் தண்ணீர் ஊற்றி, கிளை கழித்து, சீராட்டி வளர்த்த சீமைக்கருவையை அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. நிமிர்ந்து, வாளிப்பாக, அரச குடும்பத்துப் பிள்ளை மாதிரி நின்றது. சீமைக்கருவையை ஒழிக்க உத்தரவு வந்து ஜேசிபி மைதானத்துக்குள் நுழைந்த அன்று, சுற்றியிருந்த அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்ட டிரைவர், இந்த மரத்தின் முன் வண்டியை நிறுத்தி இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு, முழு மரத்தை மைதானத்தில் மறைத்தவர் அவர் ஒருவர்தான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பிள்ளை. கனியம்மாள். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், மணி பத்து ஐம்பது ஆகிவிட்டது, பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பினார். “பறிக்காம போட்டோ மட்டும் எடுக்கணும், என்ன?” என்று அவர் வாய் சொன்னது, மனசு பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய இதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் நின்றது. கரிமூட்டம் போடுகிற வீட்டுப் பெண். விரல் இடுக்கில் எப்போதும் கரி இருக்கும். வன்னியின் சிறப்புகளை அவர் ஜன்னல் வழியே சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து, “சார், இது எங்கப்பா மூட்டம் போடுற மரம் சார். கருவை சார்” என்றாள். கேலியில்லை, திமிரில்லை. தெரிந்ததைச் சொன்னாள். வகுப்பு சிரித்தது, அவளைப் பார்த்துச் சிரித்தது, அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்புறம் பயத்தில் குரல் உயர்ந்து, ‘இது வன்னி மரம்’ என்று ஐம்பது தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மறுநாள் கொண்டு வந்தாள். ஐம்பதும் ஒரே சீராக, ஒரு வரிகூடக் கோணாமல். அவர் அதன் அடியில் சிவப்பு மையில் ‘நன்று’ என்று போட்டார். அந்த ‘நன்று’ இருக்கிறதே, அது ஊசியைவிட மோசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தியது.

“இந்த வகுப்புல டவர் எப்படி சார்?” என்று வேதரத்தினம் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்.

“வகுப்புல இல்லீங்கய்யா. பள்ளிக்கூடத்துலயே ஒரே எடத்துலதான் டவர் கெடைக்கும்.”

“எங்க?”

“வன்னி மரத்தடியில.”

“பாருங்களேன்!” என்று வேதரத்தினம் உட்கார்ந்தபடியே ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். சாமிக்குச் சக்தி இருக்கிறதோ இல்லையோ, சிக்னல் இருந்தது. வேம்பைப் படமெடுத்த குழுவும் புங்கையைப் படமெடுத்த குழுவும் பதில் வாங்க அங்கேதான் போக வேண்டும். ஐந்து குழுவும் மரத்தடியில் கூடியிருந்தன. பூவலிங்கம் டவர் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார், யாரிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று பார்த்தால் அந்த மரத்தைப் பார்த்தே வேண்டிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத நேரத்தில் வந்து தன் போனில் அவர் சோதித்துப் பார்த்திருந்தார். அரை விநாடி. யோசிக்கக்கூட இல்லை அந்தச் சனியன். சீமைக்கருவை, தொண்ணூற்றேழு சதவீதம். மீதி மூன்று சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கினார். இப்போது ஐந்தாம் குழு பார்த்திருக்கும். முத்தரசிதான் அந்தக் குழுவுக்குத் தலைவி, கெட்டிக்காரி, ஆட்டு வியாபாரி மகள், போன் அவள் அப்பாவுடையது. அதோ கூடிக்கூடிப் பேசுகிறார்கள். மறுபடி படமெடுக்கிறார்கள். குனிந்து எடுக்கிறார்கள், நிமிர்ந்து எடுக்கிறார்கள், ஒருத்தி மேடையில் ஏறி எடுக்கிறாள். சிரிக்கிறார்களா? இல்லை, சிரிப்பு மாதிரி இல்லை. முத்தரசி கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடுகிறாள், அடுத்த கட்டடத்தில் இருக்கும் ஆய்வகத்துக்குள் போகிறாள், தண்ணீர் குடிக்கவா, தலைமையாசிரியையிடம் சொல்லவா? திரும்பி மரத்தடிக்கு ஓடுகிறாள். பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான், சரி, அந்த ஒரு நாள் ஓய்வுக்கு அப்புறம் வரக்கூடாதா? மே மாதம் மேடை போடுவார்கள், மாலை போடுவார்கள், மைக்கில் யாராவது சொல்வார்கள், ‘ஆட்டுப்புழுக்கையை அடையாளம் தெரியாத தாவரவியல் ஆசிரியர்’. மனைவி திலகம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மருமகன் போனில் படம் பிடிப்பான். வேதரத்தினம் என்ன செய்வார்? ஒன்பது சுற்றையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கழிப்பாரா? அப்படி ஒரு பரிகாரம் உண்டா? நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப்போய் அது ஒரு விக்கலாக வெளியே வந்தது. அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். பூவலிங்கம் கரும்பலகையைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

குழுக்கள் திரும்பின. வேம்பு சரி. புங்கை சரி. பூவரசை எடுத்த பையன்களின் போன் அதை ஏதோ வெளிநாட்டுச் செடி என்றது. இலையோடு சேர்ந்து வாட்ச்மேனின் லுங்கியும் படத்தில் விழுந்திருந்தது. வகுப்பு சிரித்தது, வேதரத்தினமும் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். வாதாம் சரி. ஐந்தாவதாக முத்தரசி வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கும்போது அவள் தரையைப் பார்த்தாள். திரையில் இருந்தது: வன்னி. தொண்ணூற்றொரு சதவீதம்.

பூவலிங்கம் இரண்டாம் முறை படித்தார். வன்னிதான். அப்படியானால் பதினைந்து வருஷமாகத் தப்பாகப் பயந்தோமா, கன்று நிஜமாகவே துளிர்த்ததா, நெற்று? நெற்றை விடு, ஞாயிற்றுக்கிழமை போன்தான் கோளாறு, மருமகன் ஏற்றிக் கொடுத்தது எது உருப்பட்டிருக்கிறது! உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, மாலை, மைக், திலகத்தின் புதுப்புடவை எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன. “வன்னி!” என்று உரக்கப் படித்தார். வேதரத்தினம் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள், கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். அப்போதுதான் அவர் படத்தின் ஓரத்தைப் பார்த்தார். இலைக்குப் பக்கத்தில் பழுப்பேறிய செலோ டேப் ஒரு துண்டு. அதன் மேல் பல்லி எச்சம். அந்த எச்சத்தை அவருக்கு நன்றாகத் தெரியும், பத்து வருஷமாகத் தெரியும். ஆய்வகச் சுவரில் அவரே ஒட்டிய வனத்துறை வன்னிப் படம் அது. மரத்தை அல்ல, சுவரைப் படமெடுத்திருக்கிறார்கள். விரலால் தள்ளினார். முந்தைய படம்: சீமைக்கருவை, தொண்ணூற்றெட்டு. அதற்கு முந்தையது: தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு. ஏழு தடவை போனிடம் கெஞ்சியிருக்கிறார்கள், ஏழு தடவையும் அது மசியவில்லை.

“ஏம்மா இப்படி?” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“போன் தப்பாச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு சார்,” என்று முத்தரசியும் அதே குரலில் சொன்னாள். “பெரிய சார் வேற வந்துருக்காங்க. அதான்.”

“தப்பாவா சொல்லுச்சு?”

முத்தரசி, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்: “எல்லாருக்கும் தெரியும் சார். வீட்டுல கருவை, பரீட்சைக்கு வன்னி. சார்ட்ட மட்டும் கேக்காத, வருத்தப்படுவாரு, அம்பது தடவை எழுதச் சொல்லிருவாருன்னு எங்க கனிச் சித்தி முன்னாடியே சொல்லிருச்சு.”

கனிச் சித்தி. பூவலிங்கம் வகுப்பைப் பார்த்தார். முப்பத்தெட்டு முகமும் அவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தன, நாடகத்தில் வசனம் மறந்தவனைப் பார்ப்பதுபோல. ஜேசிபி டிரைவருக்குத் தெரிந்திருக்கும். நெற்று பொறுக்க எட்டு மணிக்கு வருவது வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கும். ஊரே சேர்ந்து அவரிடமிருந்து ஒரு மரத்தை மறைத்திருக்கிறது, அவர் ஊரிடமிருந்து மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவருடைய வகுப்புக்கு வந்து பிள்ளைகள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதானா என்று வயிறு எரிந்தது. கையிலிருந்த போன் அந்த நேரம் பார்த்து அலறியது, பதற்றத்தில் எங்கோ விரல் பட்டு, “அண்ணே, கெடா இருக்கா?” என்று ஒரு குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. “இருக்கு. அப்புறம் பேசுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார். ஆடு தொடங்கிவைத்ததை ஆடே முடித்துவைக்கச் சொல்கிறது என்று தோன்றியது.

“ஐயா,” என்றார் கடைசி பெஞ்சைப் பார்த்து. கனைத்துக்கொண்டார். “இது சுவத்துல இருக்குற படத்தை எடுத்தது. வெளிய நிக்கிறது வன்னி இல்ல. சீமைக்கருவை. போன் ஏழு தடவை சரியாச் சொல்லிருக்கு. நான் பதினெட்டு வருஷமாத் தப்பாச் சொல்லிருக்கேன். அதுல பதினஞ்சு வருஷம் தெரிஞ்சே சொல்லிருக்கேன்.”

வேதரத்தினம் ஜன்னலைப் பார்த்தார், கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்ட தன் ஷூவைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப நான் சுத்துனது?”

“உடம்புக்கு நல்லதுங்கய்யா,” என்றார் பூவலிங்கம்.

“சார்,” என்றது நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல், “அப்ப பரீட்சைக்கு எதை சார் எழுதணும்?”

பூவலிங்கம் காலருக்குள் கைவிட்டுக் குண்டூசியைத் தேடிப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். ஒடிந்த சாக்பீஸில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டு கரும்பலகையின் உச்சியில் எழுதினார்: 1. இது சீமைக்கருவை மரம். அதன் கீழே, 2. இது சீமைக்கருவை மரம். மூன்றாவதில் வரி கோணியது, அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஐம்பதிலும் ஒன்றுகூடக் கோணவில்லையே என்று நினைத்தார். தோள் வலித்தது. ஏழு, எட்டு. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டில் இடம் போதாமல் பக்கத்துப் பத்திக்கு நகர்ந்தார். பதினேழை முடித்தபோது மணி அடித்தது. பூவலிங்கம் சாக்பீஸை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, போகலாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

“சார்,” என்றாள் முத்தரசி, மரியாதையாக எழுந்து நின்று, “இன்னும் முப்பத்திமூணு இருக்கு.”